மாந்துளிர் என்றால் பச்சை

தி. நகர் கடையில் படம் வரைகிற, ஸ்க்ரீன் வைத்த டேப்லெட்டுகள் நான்கை மேஜையில் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். நான்கிலும் யார் யாரோ பிள்ளையார் சுழி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். புதுப் பேனாவைக் கையில் கொடுத்தால் நம் ஆட்களுக்கு முதலில் வேறெதுவும் எழுத வராது. கண்ணாடி முழுக்கச் சின்னதும் பெரியதுமாக உ, உ, உ. ஒரு புண்ணியவான் மட்டும் அதற்குக் கீழே ‘லாபம்’ என்று எழுதியிருந்தார்.

“இன்னா மச்சி, கம்ப்யூட்டர் கடைன்னு கூட்டிக்கினு வந்தே. பிள்ளையார் கோயில் மாதிரி கீது?” என்றான் என் நண்பன்.

அவன் சாப்பாடு டெலிவரி பண்ணுகிறவன். சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. அன்றைக்கு எனக்காக ஒரு மணி நேரம் ஆப்பை அணைத்து வைத்துவிட்டு வந்திருந்தான். எனக்குக் கண்ணாக வந்தான் என்று எழுதினால் பெரிய வார்த்தை மாதிரி இருக்கும். ஆனால் அவன் வந்தது அதற்குத்தான்.

எனக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். மற்ற கலரெல்லாம் ஒரே குடும்பத்து ஆட்கள் மாதிரி. முகஜாடை ஒன்றாகவே இருக்கும், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் எது எதுவென்று புரியும்.

ஆறாவது படிக்கும்போது பொங்கல் படம் வரையச் சொன்னார்கள். நான் ஒரு வாழையிலை போட்டு, அதில் சோறு வைத்தேன். கிரேயான் குச்சியைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் கலரின் பெயர் இருக்கும். அதைப் படித்துத்தான் எடுப்பேன். அன்றைக்குப் பாதிக் குச்சிகளில் காகிதம் கிழிந்திருந்தது. குத்துமதிப்பாக ஒன்றை எடுத்து இலை முழுக்கத் தீட்டிவிட்டேன். வாத்தியார் நோட்டை வாங்கி வகுப்புக்கே தூக்கிக் காட்டினார்.

“இன்னாடா இது, வாழையிலையெல்லாம் ரத்தம்?”

“கறிச்சோறு சார்,” என்றேன்.

வகுப்பே சிரித்தது. எனக்கு அடி விழுந்தது. ஆனால் ‘கொழுப்பு’ என்று சொல்லி அடித்தாரே தவிர, ‘குருடு’ என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதற்கப்புறம் எந்தக் கலர் தப்பினாலும் ஒரு கிண்டலை முன்னால் தள்ளிவிட்டு நான் அதற்குப் பின்னால் நின்றுகொள்வேன். பள்ளிக்கூடம் பதினொன்றாவதோடு முடிந்தது. கிண்டல் முடியவில்லை.

ஆனால் எனக்குக் கோடு வரும். ஒரு முகத்தைப் பார்த்தால் மூக்கு எங்கே தொடங்குகிறது, தாடை எங்கே திரும்புகிறது என்று கை தானாகவே போகும். அதை வைத்துத்தான் பிழைப்பு. நான் கல்யாணம் வரைகிறவன். இப்போதெல்லாம் பத்திரிகையில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பொம்மை மாதிரி வரைந்து போடுகிறார்கள். முகூர்த்தப் புடவை, பட்டு வேட்டி, மாலை எல்லாம் நிஜத்தில் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் பத்திரிகைக் கடை வைத்திருக்கும் ஒரு பாய்தான் எனக்கு இந்த வேலை கொடுத்தவர். அவருடைய தாத்தா காலத்திலிருந்து அந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கு அவர்கள் வீட்டு அச்சுதான். எந்த வீட்டுப் பெரியவர் பெயரை எந்த வரிசையில் போட வேண்டும் என்பது அந்தந்த வீட்டுக்காரர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமாக அவர் போட்டோக்களை அனுப்புவார். நான் வீட்டில் உட்கார்ந்து போனிலேயே வரைந்து திருப்பி அனுப்புவேன்.

கலர் தெரியாதவன் எப்படி இரண்டு வருஷம் ஓட்டினான் என்று கேட்கலாம். போனில் எனக்கு இரண்டு துணை இருந்தது. ஒன்று கலர் பிக்கர். புடவை போட்டோவின் மேல் அதை வைத்து அழுத்தினால் அந்தக் கலரை அப்படியே உறிஞ்சிக் கொடுத்துவிடும். அது என்ன கலர் என்று நான் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. இன்னொன்று என் நண்பன். நான் வரைகிற ஆப்பில் கலர்களைச் சேமித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி வைக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் உட்கார்ந்து பெயர் வைத்தான். அவன் வைத்த பெயர்கள் எந்தப் பெயிண்ட் டப்பாவிலும் இருக்காது. பீட்ரூட் பொரியல், போலீஸ் காக்கி, மாவிலை, கொத்தமல்லி சட்னி, பெரியம்மா குங்குமம். முகத்துக்குப் போடும் கலருக்கு ‘முறுகாத தோசை’, மாப்பிள்ளை கொஞ்சம் கறுப்பாக இருந்தால் ‘முறுகின தோசை’.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் பாய் ஒரு நாள் கூப்பிட்டார்.

“தம்பி, நீ போன்ல போட்டு அனுப்பறே. அவங்க இத மாத்து, அத மாத்துன்னு பத்து தபா சொல்றாங்க. பக்கத்துல உக்காந்து பாத்தாதான் ஜனங்களுக்கு மனசு ஆறுது. ஸ்க்ரீன் மேலயே வரையற டேப்லெட்டுன்னு ஒண்ணு கீதாமே? கடைக்கு வாங்கிப் போட்டுடலாம். எது நல்லதுன்னு நீயே போய்ப் பாத்துட்டு வா. அதுல நீதான் உக்காரப் போற. இனிமே மாசச் சம்பளம்.”

ஒரு நாற்காலி. அதில் நான். எங்கள் வீட்டில் யாரும் உட்கார்ந்து சம்பளம் வாங்கியதில்லை. ஆனால் பாய் வாங்க நினைத்த பொருள் என்னைக் காட்டிக்கொடுக்கிற பொருளாகவும் இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து ‘பச்சையைக் குறை, சிவப்பை ஏத்து’ என்று சொன்னால் நான் எங்கே போவேன்? அந்தப் பொருளை நானே போய்ப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

“கண்ணுக்கு டேப்லெட்டே கெடையாதுன்னு டாக்டர் சொல்ட்டாரு. நீ கைக்கு டேப்லெட் வாங்கப் போறியா?” என்று வண்டியில் வரும்போதே நண்பன் கலாய்த்தான்.

கடையில் இருந்த பையன் தெற்கத்திக்காரர். வார்த்தைக்கு வார்த்தை அண்ணே.

“கார்ட்டூன் வரைவீங்களாண்ணே?”

“இல்லண்ணே, கல்யாணம் வரைவேன்.”

முதல் டேப்லெட்டில் ஒரு கண்ணிமை போட்டுப் பார்த்தேன். பேனா முனை ஒரு இடத்தில் இருந்தது, கோடு அரை நெல் தள்ளி விழுந்தது. கண்ணாடி தடிமன், பழைய மாடல் என்றார். இரண்டாவதில் மூக்குத்தி வைத்தேன். மூக்குத்தி என்பது பேனா பட்டும் படாமல் வைக்க வேண்டிய ஒரு புள்ளி. மெதுவாக வைத்தால் அதில் எதுவுமே விழவில்லை, அழுத்தினால் பெண்ணுக்கு மூக்கில் மரு வந்துவிட்டது. மூன்றாவதில் சாய்வாக ஒரு கோட்டை மெதுவாக இழுத்தேன். நேராக இழுத்தது நெளிந்து நெளிந்து வந்தது. நான்காவதில் எல்லாமே சரியாக இருந்தது. மூக்குத்தி மூக்குத்தியாக விழுந்தது. பக்கவாட்டில் ஆறு பட்டன் வேறு. ஒரு பட்டனில் கலர் பிக்கர், இன்னொன்றில் என் நண்பன் வைத்த பெயர்கள் என்று அப்போதே மனசுக்குள் பிரித்துக்கொண்டேன்.

அதே டேப்லெட்டில் சின்ன சைஸும் இருந்தது. எனக்குச் சின்னதுதான் பிடித்திருந்தது. பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு ஒன்றும் சரியாகத் தெரியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தானே பாய் இதை வாங்குகிறார்.

அப்போது கடைக்காரர் சின்னதிலும் பெரியதிலும் ஒரே கிளிப் படத்தைப் போட்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார்.

“இப்பம் பாருங்கண்ணே. எதுல கலர் தூக்குது?”

இதற்கு நாங்கள் முன்னாடியே பேசி வைத்திருந்தோம். இடது பக்கம் என்றால் நண்பன் தலையைச் சொறிவான், வலது பக்கம் என்றால் இருமுவான். திரும்பிப் பார்த்தேன். ஆள் இல்லை. வாசலில் யாரோ அவன் வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தியதால் ஓடியிருந்தான். நான் இரண்டு கிளிகளையும் பார்த்தேன். இரண்டும் ஒரே சாம்பல் மஞ்சளில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“கிளியக் கேட்டாதான் தெரியும்ணே,” என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “பெருசுதான்ணே. இதுல உள்ள கலர் உள்ளபடி தெரியும். ஏமாத்தே கிடையாது,” என்றார்.

நான்காவதையே, அந்தப் பெரியதையே பாய்க்குச் சொன்னேன். இரண்டு நாளில் வந்துவிட்டது.

பாய் கடையின் மூலையில் பசை டப்பா, கவர் கட்டு எல்லாவற்றையும் ஒதுக்கி, பத்திரிகை டைப் அடிக்கிற கம்ப்யூட்டரோடு டேப்லெட்டை இணைத்து, முன்னால் சுழல் நாற்காலி போட்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் வாடிக்கையாளருக்கு ஒரு நாற்காலி. போனில் இருந்த பெயர்களையெல்லாம் அதில் ஏற்றினேன். அப்புறம் பேனாவை எடுத்தேன். ஊரையெல்லாம் கிண்டல் பண்ணிய நானும் முதலில் போட்டது உ தான்.

முதல் ஆளாக வந்தது ராஜா அண்ணாமலைபுரத்து மாமி ஒருவர். ஒரே பெண், தை மாசம் கல்யாணம்.

“நீதான் வரையறவனா? பார்த்தா வாயாடி மாதிரின்னா இருக்கே.”

“வாயாலதான் வரைவேன் மாமி. கை சும்மா கூடமாட ஒத்தாசைக்கு.”

பெண்ணின் போட்டோவை வைத்துக்கொண்டு கோடு போட ஆரம்பித்தேன். நெற்றி, புருவம், சற்றே தூக்கின மேலுதடு. மூக்குத்தியை வைத்ததும் மாமி நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். “பாய், இங்க வந்து பாருங்கோளேன்! எங்காத்துப் பொண்ணு மூக்கு அப்படியே வந்துடுத்து!” பாய் வந்து பார்த்தார். எனக்கு டீ சொன்னார். டீ வருகிற வரைக்கும் நாற்காலியில் இப்படியும் அப்படியும் சுழன்றேன். அந்த அரை மணி நேரம் நன்றாக இருந்தது.

“புடவை போட்டோ குடுங்க மாமி,” என்றேன், பிக்கர் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு.

“போட்டோல அந்தக் கலர் சரியா விழவே மாட்டேங்கறதுப்பா. அதனாலதான் போட்டோவே எடுத்துண்டு வரலை, நேர்ல உட்கார்ந்துண்டு சொல்லலாம்னு வந்தேன். புடவை ரவிக்கை தைக்கப் போயிருக்கு. கலர் என்னன்னா, மாந்துளிர். தெரியுமோன்னோ?”

“தெரியாமயா மாமி.”

உண்மையிலேயே தெரியும் என்றுதான் நினைத்தேன். மா, துளிர். மாமரத்து இலை. இலை என்றால் பச்சை என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். என் பெயர்ப் பட்டியலில் ‘மாவிலை’ இருந்தது. தோரணத்துக்குப் போடுவது. ஆனால் மாவிலை முற்றினது, துளிர் என்றால் இளசு. அப்படியானால் அதைவிட வெளிர் பச்சை. அடுத்த கட்டத்தில் ‘கொத்தமல்லி சட்னி’ இருந்தது. இவ்வளவு யோசித்து, சந்தோஷமாக, பெண்ணின் புடவை முழுக்க அதை ஊற்றினேன்.

மாமி ஒரு நிமிஷம் ஸ்க்ரீனைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார்.

“நல்ல வம்புக்காரனா இருக்கே! முகூர்த்தப் புடவைக்குக் கொத்தமல்லிக் கலரைப் போட்டு என்னைச் சீண்டறியா?”

நண்பன் எவ்வளவு சரியாகப் பெயர் வைத்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

“உங்க கண்ணு கரெக்டா கீதான்னு டெஸ்ட் பண்ணேன் மாமி.”

பாயும் சிரித்தார். கறிச்சோறு இன்னொரு முறை காப்பாற்றியது.

“சரி சரி, விளையாடினது போதும். இப்போ போடு.”

“நீங்களே சொல்லிக்கினு வாங்க மாமி. நான் ஏத்திக்கினே வரேன்.”

கலர் சக்கரத்தில் பேனாவை வைத்து நகர்த்தினேன். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியவில்லை. ஒரு கையால் மேஜைக்குக் கீழே போனை எடுத்து நண்பனுக்கு ‘மாந்துளிர் எங்க கீது’ என்று அனுப்பினேன். ஒரு டிக் மட்டும் விழுந்தது. எங்கேயோ லிஃப்டில் யாருக்கோ பிரியாணி கொண்டுபோய்க்கொண்டிருந்திருப்பான்.

“ஐயோ, இது சேறுன்னா... இந்தப் பக்கம் வா... இல்லை இல்லை, இது பாசி... திருப்பியும் பச்சைக்கே போறியே!”

‘பெரியம்மா குங்குமம்’ என்று எழுதியிருந்ததைத் தட்டினேன்.

“இது ரத்தச் சிவப்பு. மாந்துளிர்ப்பா, மாந்துளிர்! நீ மாமரத்துல துளிர் பார்த்ததே இல்லையா?”

“பாத்துகீறேன் மாமி. பச்சையா இருக்கும்.”

அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. பதிலாகத்தான் சொன்னேன். அந்த வித்தியாசம் என் குரலில் எனக்கே கேட்டது. பாய்க்கும் கேட்டிருக்கிறது. கவரில் பசை தடவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

“துளிர் எங்கேடா பச்சை? செப்புச் சிவப்புன்னா அது,” என்றார் மாமி. அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மிச்சத்தை முடித்து அனுப்புகிறோம் என்று சொல்லி பாய் அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து, மாதிரிப் பத்திரிகைகள் மாட்டியிருந்த பலகையிலிருந்து இரண்டை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒரே டிசைன், இரண்டு கலர். இரண்டிலும் தங்க நிறத்தில் பிள்ளையார்.

“இதுல பச்சை எது தம்பி?”

“ரெண்டுலயும் பிள்ளையார் சூப்பரா கீறாரு பாய்.”

“பச்சை எது?”

ஒன்றைத் தொட்டேன். பாய் இரண்டையும் எடுத்து, இருந்த இடத்திலேயே மாட்டினார். நான் தொட்டது சரியா தப்பா என்று அவர் சொல்லவில்லை. இன்று வரை எனக்குத் தெரியாது.

“எத்தினி வருசமா?”

“பொறந்ததுலேர்ந்து.”

“ஏன்பா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா கலர் வந்துருமா பாய்?”

அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் ஏதாவது ஒன்று திருப்பிச் சொல்லியிருப்பேன். “டீய குடி, ஆறிப்போச்சு,” என்றார்.

அடுத்த வாரம் வடபழனியிலிருந்து ஒரு பெண் வந்தது. சினிமாவுக்கு செட் படம் போடுகிற இடத்தில் கலர் வேலை பார்த்த பெண். “நீ கோடு போடு, அது கலர் போடட்டும். ரெண்டு பேருக்குமே வேல கீது,” என்றார் பாய். நல்ல மனசோடுதான் சொன்னார். காலையில் நான் சுழல் நாற்காலியில், மத்தியானம் அந்தப் பெண். எந்தப் பட்டன் எதற்கு என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பேனாவை எந்தச் சாய்வில் பிடித்தால் மூக்குத்தி சரியாக விழும் என்பதையும் சொல்லிக்கொடுத்தேன். அங்கே கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஒரு மாசத்தில் அதற்கும் மூக்குத்தி வர ஆரம்பித்தது. என் கோடு அளவுக்கு வராது. ஆனால் அந்த வித்தியாசம் தெரிகிற கண் வாடிக்கையாளர்களுக்கு இல்லை. அவரவருக்கு ஒரு குறை.

மத்தியானம் என்று இருந்தது பதினொரு மணி ஆயிற்று. அப்புறம் கடை திறக்கும்போதே அந்தப் பெண் நாற்காலியில் இருந்தது. நான் வாடிக்கையாளருக்குப் போட்ட நாற்காலியில் உட்கார ஆரம்பித்தேன். வாடிக்கையாளர் வந்தால் எழுந்துகொள்வேன்.

ஒரு நாள் காலையில் ஸ்க்ரீனில் ஏதோ காலியாக இருந்தது. கலர் கட்டங்கள் இருந்தன, பெயர்கள் இல்லை.

“அந்தப் பேரெல்லாம் எடத்த அடைச்சிக்கினு இருந்துச்சுண்ணா, அதான் எடுத்துட்டேன். எதுக்குண்ணா பீட்ரூட் பொரியல்னெல்லாம் எழுதி வெச்சிருந்தீங்க?”

“பசிக்கும்போது பாத்துக்கறதுக்கு.”

அந்தப் பெண் சிரித்தது. கட்டங்களைப் பார்த்தேன். ஒரு குடும்பம் முழுக்க வரிசையாக நின்றுகொண்டிருந்தது. யார் யாரென்று தெரியவில்லை.

மழை விட்டிருந்த ஒரு வாரத்தில் ராஜா அண்ணாமலைபுரத்து மாமியின் பத்திரிகைகள் அச்சாகி வந்தன. கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார் பாய். இப்போது அதுதான் என் வேலை. நண்பன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

மாமி கதவைத் திறந்ததும் ஒன்றை உருவிப் பார்த்தார். முகத்தின் கோடுகளெல்லாம் என்னுடையது, புடவை அந்தப் பெண்ணுடையது.

“பாரு, இதுதான் மாந்துளிர்! என்னமா வந்திருக்கு. நன்னா இருக்கோன்னோ?”

“சூப்பரா கீது மாமி.”

“அன்னிக்கு என்னமா சீண்டினே என்னை! எங்காத்துல சொல்லிச் சொல்லிச் சிரிச்சிண்டிருந்தோம்.”

நானும் சிரித்தேன். கீழே இறங்கி வந்தபோது நண்பன் கேட் பக்கத்தில் இருந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“மச்சி, மாமரம்டா. மேல பாரு, அந்தப் புடவைக் கலரு கொத்துக் கொத்தா கீது.”

அண்ணாந்து பார்த்தேன். இலை இருந்தது. இலைக்குப் பக்கத்தில் இலை இருந்தது.

“எங்கடா?”

“அதோ, அந்தக் கெளை நுனில.”

“எங்க?”

அவன் வண்டியின் மேல் ஏறி நின்று, கிளையை வளைத்து ஒரு கொத்தை ஒடித்து என் கையில் கொடுத்தான். அடியில் முற்றின இலை, நுனியில் துளிர். துளிர் மெலிதாக, குழைந்து, கிட்டத்தட்ட ஈரமாக இருந்தது. தொட்டுப் பார்த்தால் எது எதுவென்று உடனே தெரிந்தது. கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன்.

“தெரியுதா?” என்றான்.

அவன் போன் சட்டைப்பைக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

“ஆர்டர் வந்துகீது பாரு. எவனோ பசியில கீறான், கெளம்பு,” என்றேன்.